தகட்டில் முளைத்த வலது கை

கோயம்புத்தூருக்கு வடக்கே, பம்ப்செட் கம்பெனிகளும் பிரஸ் ஷாப்புகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கிற பகுதியில், ஹவுசிங் யூனிட் சி பிளாக் மூன்றாவது மாடியில் குடியிருந்த வேலாத்தாள், தகரத்தை அடித்து வளைக்கிற பவர் பிரஸ்ஸில் வலது கையை மணிக்கட்டோடு பறிகொடுத்து, ஒரு மாதமும் ஒரு வாரமும் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பிய அன்று, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, முன்னறைச் சுவரில் இருந்த காலண்டர், கல்யாண போட்டோ, பிளாஸ்டிக் பூங்கொத்து எல்லாவற்றையும் இறக்கிவிடச் சொன்னாள்.

"என்னத்துக்கு அம்மிணி?" என்றான் அவள் புருஷன் சென்னியப்பன். டெம்போ ஓட்டுகிறவன், எதையும் ஒரு தடவைக்கு மேல் கேட்டுப் பழக்கமில்லாதவன்.

"படம் மாட்டோணுமுங்க. மூணு படம். சொல்லிவெச்சுட்டுத்தான் வந்திருக்கறன்."

அந்த ஆஸ்பத்திரியில், கட்டுப் பிரிக்கிற அறைக்குப் போகும் நீள வராந்தாவில், எந்த டாக்டரின் ஆசையோ, அலுமினியத் தகட்டில் அச்சடித்த ஆளுயரப் படங்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள். எல்லாம் கிரேக்க தேசத்துப் பழங்காலக் கற்சிலைகள். தலையில்லாமல் இறக்கையை மட்டும் விரித்துக்கொண்டு நின்றாள் ஒருத்தி. தொடைக்குக் கீழே ஒன்றுமில்லாமல் மார்பை நிமிர்த்திக்கொண்டிருந்தான் ஒரு மல்லன். வலது கை மணிக்கட்டோடு முறிந்துபோயிருக்க, இடது கையால் இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு எதிரே பார்த்தபடி நின்றாள் இன்னொருத்தி. தன் முறை வரும்வரை அந்தக் கடைசிப் படத்துக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்து உட்கார்ந்திருந்து, ஒருநாள் வேலாத்தாள் நர்ஸைக் கேட்டாள், "ஏனுங்க சிஸ்டர், இந்தக் கையை ஒட்டவெக்காமயே வெச்சிருக்கறாங்களே?"

"ஒட்டவெச்சா ஆருங்கக்கா பாக்க வருவாங்க? ரெண்டாயிரம் வருசமா இப்படியேதான் நிக்குதாம். வெளிநாட்டுல கியூவுல நின்னு பாக்கறாங்களாம்."

வேலாத்தாள் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்க வந்த சனங்கள் பிளாஸ்கைப் பார்த்தார்கள், மின்விசிறியைப் பார்த்தார்கள், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்தார்கள். கட்டுப்போட்ட கையை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. எங்கோ ஒரு தேசத்தில் கையில்லாதவளைப் பார்ப்பதற்கு வரிசையில் நிற்கிறார்கள் என்றால், சி பிளாக்கிலும் பார்க்கட்டும், வீட்டுக்குள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து நேருக்கு நேராகவே பார்க்கட்டும் என்று அவள் அன்றைக்கே முடிவு செய்தாள். அந்தப் படங்களை அச்சடித்த கடை எதுவென்று கேட்டு, அதே மூன்று படங்களைச் சொல்லிவிட்டாள்.

படங்கள் வந்தன. சென்னியப்பன் சுவரில் துளை போட்டு மாட்டினான். டிவிக்கு இடப்பக்கம் இறக்கைக்காரி, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மல்லன், வாசலுக்கு நேர் எதிரே, கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், கை முறிந்த கல்பெண். எந்தச் சாமி என்று எல்லோரும் கேட்டார்கள். சாமி இல்லை என்று அவள் எல்லோருக்கும் சொன்னாள். மல்லனுக்காவது ஏதாவது கட்டிவிடலாமே என்று அசோசியேஷன் செயலாளரின் மனைவி நாசூக்காகச் சொன்னதால் அவன் இடுப்புக்கு நேரே ஆணியடித்து ஒரு ஈரிழைத் துண்டு தொங்கவிடப்பட்டது. வந்தவர்கள் கல்பெண்ணைப் பார்த்தார்கள், அவளுடைய முறிந்த கையைப் பார்த்தார்கள், அப்புறம் திரும்பி வேலாத்தாளின் கையைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு, "வலிக்குதாக்கா?" என்று கேட்டார்கள். அவள் எதிர்பார்த்தது அதுதான். ஒரு காரியம் முடிந்தது.

இன்னொரு காரியம் பாக்கி இருந்தது.

கம்பெனியில் மொத்தம் பதினொரு பிரஸ் மெஷின்கள். கையோ விரலோ உள்ளே போனால் மெஷினைப் பாதியில் நிறுத்துகிற சென்சார் ஒவ்வொன்றிலும் உண்டு. அது எதற்கெடுத்தாலும் நின்றுவிடுகிறது, நாளைக்கு இத்தனை பீஸ் குறைகிறது என்று பதினொன்றிலும் அது வேலை செய்யாதபடி ஒயரை வேறு பக்கம் சுற்றிவிட்டிருந்தார்கள். வேலாத்தாள் உட்கார்ந்திருந்தது ஏழாம் நம்பர். சிக்கிக்கொண்ட தகரத் துண்டை எடுக்க அவள் கையை விட்டபோது அது நிற்கவில்லை. அவள் மயக்கம் தெளிந்து எழுவதற்குள் அவளுடைய அடையாள அட்டை காணாமல் போயிருந்தது. அப்படியொரு பொம்பளை எங்களிடம் வேலையே பார்க்கவில்லை, எந்த வழியாகவோ உள்ளே நுழைந்து எதையோ தொட்டிருக்கிறாள் என்று மேனேஜர் வரதராஜுலு எழுதிக் கொடுத்திருந்தார். மறுநாளே ஏழாம் நம்பரைக் கழுவித் துடைத்து வேறு ஆளை உட்கார வைத்தார்கள்.

"கை போனது போகட்டுமுங்க," என்று வேலாத்தாள் கேட்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். "பதினோரு மெஷின்லயும் அந்தச் சென்சாரைத் திருப்பி மாட்டோணும். அது ஆகற வரைக்கும் நான் உடமாட்டன்." இரட்டைக்கோட்டு நோட்டு வாங்கி இடது கையால் அ, ஆவன்னாவில் தொடங்கி எழுதிப் பழகி, நான்காவது வாரத்தில் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குத் தன் கைப்பட முதல் மனுவை எழுதினாள். அப்புறம் வாரம் தவறாமல் எழுதினாள். வேலை பார்த்ததற்கு ஆதாரம் இணைக்கவும் என்று வாரம் தவறாமல் பதில் வந்தது.

ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலையில், ஈரத்துணியால் தகடுகளைத் துடைத்துக்கொண்டு வந்த வேலாத்தாள், கல்பெண்ணின் முறிந்த மணிக்கட்டில் ஐந்து சிறு மொட்டுகள் இருப்பதைப் பார்த்தாள். பல்லி முட்டையாக இருக்கும் என்று துணியால் தேய்த்தாள், போகவில்லை. புதன்கிழமை அவை விரல்களாயின, வியாழக்கிழமை நகம் வந்தது, வெள்ளிக்கிழமை அவள் விளக்கேற்றிவிட்டுத் திரும்பியபோது தகட்டிலிருந்து ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு முழுக் கை இருந்தது. கல்லின் வெள்ளை இல்லை, நல்ல மாநிறம். பெருவிரலுக்குக் கீழே மச்சம், புறங்கையில் தோசைக்கல் சுட்ட தழும்பு, பிறந்ததிலிருந்தே கோணலான சுண்டுவிரல், நகக்கண்ணில் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத பிரஸ் ஆயிலின் கறுப்பு. வேலாத்தாள் இடது கையை நீட்டினாள். அது பிடித்துக்கொண்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

"ஏனுங்க," என்று உள்ளே குரல் கொடுத்தாள். "என்ற கை வந்திருச்சு."

சென்னியப்பன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து பார்த்தான். அந்தக் கைக்குத்தான் அவன் இருபது வருஷத்துக்கு முன்னால் மோதிரம் போட்டது. "இளைச்சிருக்குது," என்றான். அன்றைக்கு அவன் லோடுக்குப் போகவில்லை.

யூனிட்டுக்குச் சேதி தெரிய அரைமணி நேரம் போதுமானதாக இருந்தது. மஞ்சள் பூசலாமா கூடாதா என்பதுதான் முதலில் வந்த பேச்சு. நகம் வளர்வது தெரிந்ததும், எதிர்வீட்டு ஜெயசீலி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து வெட்டிவிடுவது என்று ஏற்பாடாயிற்று. ஜெயசீலியும் அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் மாடியேறி வந்து கை கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆவணி பிறந்ததும் கல்யாண வீட்டுக்காரர்கள் மருதாணி மிச்சத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள், வளைகாப்பு வீட்டுக்காரர்கள் கண்ணாடி வளையலைக் கொண்டுவந்து மாட்டினார்கள், மாடிப்படியில் கூட்டம் அதிகமானதால் மாலை நான்கிலிருந்து ஆறு வரைதான் பார்வை நேரம் என்று அசோசியேஷன் செயலாளர் போர்டு எழுதித் தொங்கவிட்டார். இறக்கைக்காரிக்குத் தலை வருமா, மல்லனுக்குக் கால் வருமா என்று சிலர் தினமும் வந்து பார்த்து, வராததால் வருத்தப்பட்டுக்கொண்டு போனார்கள். முக்குக் கோவில் பூசாரி தகட்டைக் கோவிலுக்குத் தரச் சொல்லிக் கேட்டார், இரண்டு தெரு தள்ளியிருந்த ஜெபக்கூடத்திலிருந்தும் ஆள் வந்தது. "இது சாமியும் இல்லீங்க, அற்புதமும் இல்லீங்க, என்ற கை. எங்கூட்டுல இருக்கறதுதானுங்க நாயம்," என்று சொல்லி இரண்டு பேரையும் காபி கொடுத்து அனுப்பினாள்.

ரேஷன் கடைக் கருணாகரன்தான் அந்தக் கைக்கு முதன்முதலில் வேலை கொடுத்தவன். அவன் கடை ரேகை மெஷினில் வேலாத்தாளின் வலது பெருவிரல்தான் பதிந்திருந்தது. கை போனதிலிருந்து மெஷின் அவளை ஏற்க மறுத்தது, கருணாகரன் ஒவ்வொரு மாதமும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். சேதி கேட்டதும் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு மூன்று மாடியேறி வந்து, கைக்கு நேரே பிடித்தான். கை பெருவிரலை மட்டும் பிரித்து, கண்ணாடியில் மெதுவாக வைத்து, மெஷின் சத்தம் கொடுக்கும்வரை எடுக்காமல் இருந்தது. ரசீது வந்தது. "பாமாயில் நாளைக்குத்தான் வரும்," என்று கருணாகரன் கையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

ஆஸ்பத்திரி சர்ஜனும் ஒருநாள் வந்தார். நாடி பிடித்துப் பார்த்தார், தகட்டைக் கழற்றிப் பின்புறம் பார்த்தார், பின்புறம் வெறும் தகடுதான் இருந்தது. "ரத்தம் ஓடுதும்மா. எடுத்து ஒட்டிப் பாக்கலாம். ஆனா உத்தரவாதமில்ல. ரெண்டுமே போயிடலாம்," என்றார்.

"கொஞ்சம் பொறுங்க டாக்டர்," என்றாள் வேலாத்தாள். "அதுக்கு ஒரு வேலை இருக்குது."

கருணாகரன் போன மறுநிமிஷமே அந்த வேலை அவள் மனதில் வந்துவிட்டது. கம்பெனி வாசலிலும் ஒரு ரேகை மெஷின் இருந்தது. ஆறு வருஷம் அதில் வலது பெருவிரலை வைத்துத்தான் அவள் உள்ளே போனாள். அடையாள அட்டையை ஒளித்துவிடலாம், பெயரைப் பதிவேட்டில் இல்லை என்று சொல்லிவிடலாம், மெஷின் வயிற்றுக்குள் இருக்கிறதை யார் என்ன செய்ய முடியும்? அதை எப்போது, எப்படிச் செய்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கையில், சனிக்கிழமை சாயங்காலம் ஜெயசீலி வந்து உட்கார்ந்தாள்.

"என்ன ஜெயா?"

"என்னை ஏழாம் நம்பருக்கு மாத்திட்டாங்கக்கா. வர்ற வியாழக்கிழமையிலிருந்து."

வேலாத்தாள் திங்கட்கிழமை காலையில் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தின் கதவு திறக்கும்போது வாசலில் நின்றாள். ஆய்வாளர் பர்வீன் பானு புதிதாக மாற்றலாகி வந்தவர். மனுக்கட்டு முழுவதையும் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதுல இருக்கறது நிஜமா இருந்தா நானே போய் மெஷினை நிறுத்துவேம்மா. ஆனா நீங்க அங்க வேலை பாத்ததுக்கு ஆதாரம் வேணுமே?"

"வெரல் வெச்சுத்தானுங்க மேடம் உள்ள போனன்."

"எந்த விரல்?"

"வலது கைப் பெருவெரல்."

பர்வீன் பானு அவள் மணிக்கட்டைப் பார்த்தார். "அது இப்ப..."

"ஊட்டுல இருக்குதுங்க."

பர்வீன் பானு கூடவே வந்தார். மூன்று மாடி ஏறினார், கல்பெண்ணின் முன்னால் நின்றார், தன் கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கை கொடுத்தார். சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "வலது பெருவிரல் ரேகைன்னுதான் போட்டிருக்கு," என்றார் கடைசியில். "அது உடம்போட இருக்கணும்னு எங்கயும் போடல. புதன்கிழமை ரெண்டு மணி ஷிப்டுக்கு வந்துடறேன்."

புதன்கிழமை மதியம் சென்னியப்பன் தகட்டைப் போர்வையில் சுற்றி, கைக்கு மட்டும் காற்றுப் படுகிறமாதிரி ஓட்டை விட்டு, டெம்போவில் படுக்கவைக்காமல் நிற்கவைத்துக் கட்டினான். வேலாத்தாள் பின்னாலேயே உட்கார்ந்து தகட்டைத் தாங்கிக்கொண்டாள். யூனிட்டின் மூன்று பிளாக்கும் படியிறங்கி வந்து வழியனுப்பியது. கணபதி சிக்னலில் நின்ற டிராபிக் போலீஸ்காரர் போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த கையைப் பார்த்து, வலது பக்கம் திரும்பப் போகிறார்கள் என்று எண்ணி மற்ற வண்டிகளை நிறுத்தி வழிவிட்டார்.

கம்பெனி வாசலில் பர்வீன் பானு இருந்தார். மேனேஜர் வரதராஜுலு வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மெஷின் ரிப்பேருங்க மேடம், ஒரு வாரமாவே வேலை செய்யறதில்ல," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு மணி ஷிப்டுப் பெண்கள் ஒவ்வொருவராக விரல் வைக்க, மெஷின் ஒவ்வொருவருக்கும் "நன்றி, நன்றி" என்று சொல்லிக்கொண்டிருந்தது. சென்னியப்பனும் இன்னும் இரண்டு பேரும் தகட்டைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையின் கடைசியில் நின்றார்கள். யாரும் முந்தவில்லை, யாரும் விலகவில்லை. முறை வந்ததும் போர்வையை விலக்கினார்கள். கை, ஆறு வருஷப் பழக்கத்தில், மெஷின் எங்கே இருக்கிறதென்று தேடாமலேயே பெருவிரலைக் கொண்டுபோய் வைத்தது.

"நன்றி," என்றது மெஷின்.

திரையில் வேலாத்தாளின் பெயர் வந்தது. எண் வந்தது. அதற்குக் கீழே, அவள் கை போன நாளான மார்ச் பதினான்கு, உள்ளே வந்த நேரம் காலை ஐந்து ஐம்பத்திரண்டு என்று வந்தது. அதற்கும் கீழே, வெளியே போன நேரம், பதிவு இல்லை என்று வந்தது.

வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தி அதை வாய்விட்டுப் படித்தாள். இரண்டாம் தடவை இன்னும் சத்தமாகப் படித்தாள். ஜெயசீலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆறு மாதமாகத் தான் அந்தக் கம்பெனிக்குள்ளேயே இருந்துகொண்டிருக்கிறோம், யாரும் தன்னை வெளியே விடவில்லை என்று வேலாத்தாளுக்குத் தோன்றியது. அழவேண்டும் போல இருந்தது. ஆனால் அழுதால் மேனேஜர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஆறுதல் சொல்வார், பேச்சு அந்தப் பக்கம் போய்விடும் என்று தெரிந்ததால், "மேடம், போட்டோ எடுத்துக்கோங்க," என்று மட்டும் சொன்னாள்.

பர்வீன் பானு போட்டோ எடுத்தார். உள்ளே போய்ப் பதினொரு மெஷினின் ஒயர்களையும் பார்த்தார். அரைமணி நேரத்தில் பதினொன்றும் நின்றன. சென்சாரை எல்லாம் சரிசெய்து, தன் முன்னால் ஓட்டிக் காட்டும்வரை ஒன்றையும் இயக்கக்கூடாது என்று எழுதி ஒட்டினார். பிரஸ் ஷாப்பின் இடி நின்றுபோனதில், அந்தத் தெருவில் ஆறு வருஷமாக ஒரு குயில் கூவிக்கொண்டிருந்தது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

சென்சார் மாட்டுகிற வேலை மூன்று வாரம் நடந்தது. இடையில் சர்ஜன், கையை ஒட்டிப் பார்க்கலாமா என்று கேட்டுப் போன் செய்தார். வேலாத்தாள் கல்பெண்ணின் முன்னால் போய் நின்று, மூளியான மணிக்கட்டை நீட்டினாள். கை அதைத் தொட்டது. காய்ச்சல் இருக்கிறதா என்று பிள்ளையின் நெற்றியைப் பார்க்கிறமாதிரி, தையல் விழுந்த இடத்தையெல்லாம் தடவிப் பார்த்தது. பார்த்துவிட்டுத் தானாகவே பின்வாங்கி, கல்பெண்ணின் பக்கத்தில் போய் அமைதியாகத் தொங்கியது. "அது அங்கயே இருக்கட்டுமுங்க டாக்டர்," என்றாள் போனில். "எனக்கு ஒத்தைக் கையில பழகிருச்சு. அவளுக்கும் ரெண்டு கை பழகிருச்சு."

சோதனை நாளன்று வேலாத்தாளையும் வரச்சொல்லி ஆய்வாளர் ஆள் அனுப்பியிருந்தார். அவள் தகட்டைக் கொண்டுபோகவில்லை, தனியாகத்தான் போனாள். ஏழாம் நம்பரில் தொடங்கினார்கள். பர்வீன் பானு ஒரு மரக்குச்சியை உள்ளே நீட்ட, இறங்கிக்கொண்டிருந்த மெஷின் பாதியில் நின்றது. மூன்று தடவை நீட்டினார், மூன்று தடவையும் நின்றது. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். மேனேஜர், "ம், உக்காரும்மா, வேலையைப் பாருங்க," என்றார்.

ஜெயசீலி உட்காரவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற பத்துப் பெண்களும் அசையவில்லை.

"குச்சிக்கு நிக்குதுங்க சார்," என்றாள் ஜெயசீலி. "கைக்கு நிக்குமா?"

"சென்சார்ல பச்சை லைட் எரியுது, கண்ணு தெரியலையா?"

"அன்னைக்கும் பச்சைதானுங்க எரிஞ்சுது," என்றாள் வேலாத்தாள்.

சொல்லிவிட்டு முன்னால் வந்தாள். இடது கையிலிருந்த வளையல்களைப் பல்லால் கவ்வி ஒவ்வொன்றாகக் கழற்றி ஜெயசீலியிடம் கொடுத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முதுகும் முட்டியும் பழைய அளவுக்குத் தாமாகவே வந்து நின்றன.

"வேண்டாம்மா," என்றார் பர்வீன் பானு. "எனக்குத் திருப்தியாயிருச்சு. குச்சி போதும்."

"உங்களுக்குப் போதுமுங்க மேடம். இங்க உக்காரப் போறது இவங்க."

அவள் மிதியை மிதித்தாள். மேலேயிருந்து அந்த எட்டு டன் இரும்பு, ஆறு வருஷம் அவள் காதுக்குள்ளும் ஆறு மாதம் அவள் கனவுக்குள்ளும் இறங்கிக்கொண்டிருந்த அதே இரும்பு, அதே வேகத்தில், அதே ஆயில் வாசனையோடு இறங்கத் தொடங்க, ஜெயசீலி கண்ணை மூடிக்கொள்ள, மேனேஜர் ஏதோ கத்த, வேலாத்தாள் தனக்கு மிச்சமிருந்த ஒரே கையை, ஐந்து விரலையும் நன்றாக விரித்து, தகரத்தை வைக்கிற டையின் மேல் வைத்தாள்.

மெஷினிலிருந்து உஸ்ஸென்று காற்று வெளியேறியது. இரும்பு அவள் புறங்கைக்கு ஒரு சாண் மேலே நின்றது.

அவள் கையை எடுக்கவில்லை. எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று, மனதுக்குள் ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் எண்ணினாள். அப்புறம் எடுத்தாள். உள்ளங்கையில் ஒட்டியிருந்த ஆயிலைச் சேலையில் துடைத்தாள். ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

ஜெயசீலி வளையல்களை நீட்டினாள்.

"நீயே வெச்சிரு ஜெயா," என்றாள் வேலாத்தாள். "இன்னும் பத்து மெஷின் இருக்குது. சார், எட்டாம் நம்பரை ஓட்டுங்க."